கை நனைக்காத விருந்து

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். காரணமில்லாமல் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. என் தம்பி மதிவாணனுக்குப் பெண் தர மாட்டோம் என்று வரிசையாக ஏழு வீட்டார் சொன்னார்கள். ஏழு பேரும் சொன்னது ஒரே காரணம்தான்: பையன் சமையல்காரன். இதைக் கேட்டுவிட்டு எந்த அக்காள் சிரித்துக்கொண்டு இருப்பாள், சொல்லுங்கள்.

அதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். வருவார்கள், நான் போட்ட பஜ்ஜியைத் தின்பார்கள், காபியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பார்கள், "போயிட்டு போன் பண்றோம்" என்று செருப்பை மாட்டுவார்கள். அந்தப் போன் வரவே வராது. ஒரு வாரம் கழித்துத் தரகர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். ஏழாவது தடவை அவர் தலையைச் சொறிந்தபோது, பேன் இருந்தால் மருந்து வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் தம்பி சிங்கப்பூரில் ஒரு ஜப்பான் ஓட்டலில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். தெப்பன்யாக்கி என்று அந்தச் சமையலுக்குப் பெயர். விருந்தாளி உட்காரும் மேஜையேதான் அடுப்பு. நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு இரும்புக் கல். மூன்று பக்கமும் நாற்காலி. நாலாவது பக்கத்தில் சமைப்பவர் நின்றுகொண்டு, கண்ணெதிரே வதக்கிப் புரட்டி, சுடச்சுட நம் தட்டில் தள்ளுவார். கூடவே கொஞ்சம் வேடிக்கையும் காட்டுவார். அங்கே அவனோடு வேலை பார்த்த பழமலைநாதன், சொந்த ஊரிலேயே கடை போடுகிறேன் என்று விருத்தாசலம் வந்து ஜங்ஷன் ரோட்டில் இடம் பிடித்தான். தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டான். போர்டில் ஜப்பான் எழுத்தெல்லாம் இருக்கிறது. ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. எல்லாருக்கும் அது கல்லு ஓட்டல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேத்தியாத்தோப்பிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். செல்போனில் படம் எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். பெண் கொடுக்க மட்டும் யோசிக்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது எழுதிக் கட்டினேன். நகை திருட்டுப் போனவர்கள், பங்காளியிடம் ஏமாந்தவர்கள்தான் அங்கே பிராது கட்டுவார்கள். நான் ஏழு வீட்டார் பெயரையும் விலாசத்தோடு எழுதிக் கட்டினேன். சாமிக்கு வழி தெரியாமல் போய்விடக்கூடாது பாருங்கள்.

எட்டாவதாகத்தான் வேல்விழி வந்தாள். நல்லூர்ப் பெண். செராமிக் படிப்பு படித்துவிட்டு, இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாக இருக்கிறாள். நான் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற கம்பெனியிலிருந்து நாலு ஷெட் தள்ளி. அவளை நான் முதலில் பார்த்தபோது காஸ் வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. விசாரித்தேன், ஜாதகம் வாங்கினேன், பொருத்தம் பார்த்தேன். பொருந்தியது. போட்டோவைத் தம்பியிடம் கொடுத்தேன். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றான். திருப்பித் தரவில்லை. போன் உறைக்குள் வைத்திருந்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

அவர்கள் வீட்டிலும் சமையல்காரன் என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பெண்ணின் அப்பா இல்லை, பெரியப்பா. ராஜமாணிக்கம் என்று பெயர். ஊரில் எந்தச் சம்பந்தம் பேசினாலும் முறை என்ன, வழக்கம் என்ன என்று கேட்க இவரைத்தான் தேடி வருவார்களாம். அவர் வேண்டாம் என்று சொல்லப்போகிற நேரத்தில் வேல்விழி குறுக்கே பேசியிருக்கிறாள். இதுவரைக்கும் ரெண்டு பேர் வந்து என்னை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், இந்தத் தடவை நான் போய்ப் பார்க்கிறேன், அவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் என் முடிவைச் சொல்வேன் என்றாளாம். பெரியப்பா முறைத்திருக்கிறார். அவளும் முறைத்திருக்கிறாள். கடைசியில் வருகிறோம் என்று சேதி வந்தது.

தம்பியிடம் சொன்னேன். அவன் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம், "அக்கா, இதான் கடைசி. இதுவும் இல்லன்னு ஆயிட்டா இனிமே யாரையும் பாக்காத. எனக்கு வெக்கமா இருக்குது" என்றான்.

அவன் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இதை என்னால் வாங்கித் தரவும் முடியாது. எப்படியாவது இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என் வீட்டுக்காரர் அன்புச்செல்வன் கண்டக்டர். எதையும் மெதுவாகச் சொல்வார், ரெண்டாவது தடவை சொல்ல மாட்டார். முதலில் அவர்களை நம் வீட்டுக்குக் கூப்பிட்டு பஜ்ஜி, கேசரி, காபியோடு நிறுத்திக்கொள்ளலாம், அப்புறம் கடையைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். தம்பி ராஜ விருந்து வைக்கிற இடத்தில் நான் எதற்கு அடுப்பங்கரையில் பஜ்ஜி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். மனுஷன் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். பெரியப்பா முன்னால், தோளில் மடித்த துண்டோடு. பின்னால் பெண்ணின் அப்பா சிங்காரவேல். வயல்வேலை செய்து கறுத்த ஆள், வாயே திறக்கவில்லை. அம்மா முத்தாயி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக வேல்விழி, சாதாரணமாக வேலைக்கு வருகிற மாதிரி ஒரு சுடிதாரில். பட்டுப்புடவை கட்டச் சொல்லி அம்மா கெஞ்சியிருக்கிறாள் போலிருக்கிறது. காரிலிருந்து இறங்கும்போதும் அந்தச் சண்டை முடிந்திருக்கவில்லை.

மூலைக் கல்லை எங்களுக்காகவே பழமலைநாதன் ஒதுக்கி வைத்திருந்தான். அவர்கள் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர், ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். வேல்விழி தானாகப் போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சமைக்கிற பக்கமும், கல்லுக்கு அடியில் எரிகிற பர்னரும் தெரியும்.

தம்பி வெள்ளைக் கோட்டும் உயரமான கறுப்புத் தொப்பியுமாக உள்ளேயிருந்து வந்து கும்பிட்டான். பெரியப்பா அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். திரும்பக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். பெண் பார்க்கிற வீட்டில் பெண்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அன்றைக்கு அப்படி நின்றது என் தம்பி. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வேலையைத் தொட்டதும் ஆளே மாறிவிட்டான். இரண்டு கையிலும் இரண்டு கரண்டி, நம் தோசைத் திருப்பி மாதிரிதான். ஒரு முட்டையைக் கரண்டி முனையில் பம்பரம் போலச் சுற்றவிட்டு, மேலே எறிந்து, தொப்பிக்குள் பிடித்தான். சிங்காரவேல் பட்டென்று ஒரு தட்டு தட்டினார். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்து வெங்காய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் எண்ணெய் விட்டு, தீயைக் காட்டினான். குபுக்கென்று ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பியது. முத்தாயி "கொளஞ்சியப்பா" என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். பெரியப்பா துண்டை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.

நான் வேல்விழியைப் பார்த்தேன். அவள் முட்டையையும் பார்க்கவில்லை, நெருப்பையும் பார்க்கவில்லை. குனிந்து கல்லுக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளை உயிரைக் கொடுத்து வேலை செய்கிறான், இவள் தரையில் என்ன தேடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். கூச்சமே இல்லாமல் நேராக அவனைக் கேட்டாள்.

"எடது பக்க மூலைல வெங்காயம் இன்னும் வெள்ளையாவே இருக்குது. அங்க சூடு கம்மியா?"

பெரியப்பா கனைத்தார். நான் உள்ளங்கையில் நகத்தால் கிள்ளிக்கொண்டேன். எட்டாவது வீடும் போயிற்று என்று நினைத்தேன். தம்பி ஒரு நொடி விழித்தான். பிறகு ஆமாங்க, காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் கீரையும் கோஸும் மட்டும் வைக்கிறேன் என்றான். பர்னரில் தீ மஞ்சளாக எரிகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம், எண்ணெய் சிந்தித் துவாரம் அடைத்திருக்கும் என்றாள் அவள். காற்று போகிற மூடியைக் கொஞ்சம் திறந்து பார்க்கச் சொன்னாள்.

என் தம்பி கரண்டிகளைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று நினைக்கவே இல்லை, மண்டி போட்டுக் குனிந்து கல்லுக்கு அடியில் கையை விட்டான். ஒரு கம்பியால் துவாரத்தைக் குத்தினான், மூடியைத் திருப்பினான். இன்னும் கொஞ்சம் என்றாள். திருப்பினான். போதும் என்றாள். தீ நீலமாக நின்றது. மேலே அந்த மூலை வெங்காயம் சடசடவென்று பொரிய ஆரம்பித்தது. எழுந்தான், முகமெல்லாம் கரி. ஒன்பது வருஷத்துக்கு மேல் இதில் நிற்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். தன் சூளையில் தினமும் இதுதான் வேலை, ஒரு மூலையில் சூடு குறைந்தால் அந்த வரிசைச் சாமான் முழுவதும் வீண் என்றாள். எவ்வளவு சூடு வைப்பீர்கள் என்று கேட்டான். ஆயிரத்து இருநூறு டிகிரி என்றாள். அவன் வாயைப் பிளந்தான். என் கல்லெல்லாம் உங்களுக்கு விளையாட்டுச் சாமான் என்றான். அப்புறம் அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

தம்பி இறாலைப் போட்டான். அன்றைக்குக் காலையில் கிள்ளையிலிருந்து வந்த இறால். பூண்டும் வெண்ணெயும் சேர்ந்து வந்த வாசனைக்கு அடுத்த கல்லில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் நாலு நாலாகத் தள்ளினான். சூடாகச் சாப்பிடுங்க என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

யாரும் தொடவில்லை.

முத்தாயி தட்டைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள். சிங்காரவேல் விட்டத்தைப் பார்த்தார். பெரியப்பா வாசனை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். விருந்தாளி கை வைக்காமல் நாங்கள் எப்படித் தொடுவது? ஆறு பேரும் ஆறு தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

இறால் பிடிக்கவில்லை என்று தம்பி நினைத்துக்கொண்டான். உடனே கோழி போட்டான். அதுவும் தட்டுக்கு வந்து ஆறிற்று. கவிச்சியே வேண்டாம் போலிருக்கிறது என்று காளானும் கோஸும் வதக்கினான். அதற்கும் யாரும் கை நீட்டவில்லை. சோற்றைக் கொட்டி முட்டை உடைத்துக் கிளறி, அதைப் பூ மாதிரி குவித்து வைத்தான். அவர்கள் சாப்பிடாமல் இருக்க இருக்க அவன் வேகமாகச் சமைத்தான். தட்டில் இடமில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. பழமலைநாதன் ஓடி வந்து உப்பு ஏதும் குறைகிறதா என்று கேட்டான். வாயில் வைத்தால்தானே உப்புக் குறைவது தெரியும்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இதென்ன அகம்பாவம், என் தம்பி கைப்பட்டதைத் தின்றால் சாதிமானம் போய்விடுமா, எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் கல்லுக்கு அடியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஆண்டாளு, உக்காரு. சம்பந்தம் முடிவாகாம கை நனைக்க மாட்டாங்க."

எனக்கு அப்படியே உயிர் போய்விட்டது. பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ, முடிவு சொல்கிற வரைக்கும் எதிர் வீட்டில் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். பலகாரம் தின்னலாம், காபி குடிக்கலாம். சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? எனக்குச் சம்பந்தம் பேசப் போனபோது என் அப்பா என் வீட்டுக்காரர் வீட்டில் பட்டினியாக உட்கார்ந்திருந்தாரே. ஓட்டல்தானே, வீடா என்ன என்று என் புத்தி போயிருக்கிறது. ஓட்டலாக இருந்தால் என்ன, சமைக்கிறது பிள்ளை, போடுகிறது பிள்ளை. பெரியப்பாவுக்கு இது பிள்ளை வீட்டுப் பந்திதான். முறை தெரிந்த மனுஷர், வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக விரதம் இருக்கிறார். நான் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று வீட்டுக்காரரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நீதான் வாயை மூடச் சொன்னாய் என்றார்.

என்ன செய்வது? பஜ்ஜி வேண்டும். இந்தக் கல்லில் பஜ்ஜி வராது, அதற்குச் சட்டி வேண்டும். பழமலைநாதனைக் கண்ணால் கூப்பிட்டு, எதிர் டீக்கடையில் பஜ்ஜியும் ஆறு காபியும் வாங்கி வரச் சொன்னேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். போய் வாங்கி வந்தான். தினத்தாளில் சுற்றிய வாழைக்காய் பஜ்ஜி, காலையில் போட்டது, தொட்டால் எண்ணெய் ஒழுகிற்று.

பெரியப்பா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. இப்போதுதான் முறையாக இருக்கிறது என்று ஒரு பஜ்ஜியை எடுத்து ருசித்துத் தின்றார். முத்தாயி மூன்று தின்றாள். இறாலையும் கோழியையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சவசவத்த பஜ்ஜியைத் தின்றார்கள்.

என் தம்பி இதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இந்த முறையெல்லாம் யார் சொன்னது? பதினெட்டு வயசில் ஊரை விட்டுப் போனவன். தான் சமைத்ததை விட்டுவிட்டு டீக்கடைப் பஜ்ஜியைத் தின்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கரண்டிகளைத் துடைத்து ஓரமாக வைத்தான். தீயைத் தணித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய் அவன் காதில் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? சாப்பிடாமல் எழுந்தால் சம்மதம் இல்லை என்றுதானே ஆகிறது.

பெரியப்பா காபித் தம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டார்.

"எல்லாம் திருப்திங்க. நாங்க போயிட்டு போன் பண்றோம்."

எழுந்துவிட்டார். சிங்காரவேலும் முத்தாயியும் எழுந்தார்கள். நாங்களும் எழுந்தோம். வேறு என்ன செய்வது? கும்பிடக் கையைத் தூக்கினேன். சாமான் ஏதாவது உடைத்தால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருந்தது.

வேல்விழி மட்டும் எழுந்திருக்கவில்லை. தன் தட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆறிப்போன ஒரு இறாலை விரலால் எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அப்புறம் கோஸ். அப்புறம் அந்தச் சோற்றில் ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தாள்.

முத்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா சமாளிக்கப் பார்த்தார். பிள்ளை பசி தாங்க மாட்டாள், ஏதோ தெரியாமல் வாயில் போட்டுவிட்டாள், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"தெரிஞ்சுதான் பெரிப்பா கை நனைச்சேன்" என்றாள் வேல்விழி.

பெரியப்பா நின்ற இடத்தில் நின்றார். அவள் கையில் சோற்றுப் பருக்கையோடு அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. காஸ் வண்டிக்காரனிடம் பேசிய குரல் இல்லை இது.

"எடது பக்கம் சூடு கம்மியான்னு கேட்டேன். நீ யாரு கேக்குறதுக்குன்னு சொல்லாம, அவ்ளோ பேர் முன்னாடி மண்டி போட்டுக் குனிஞ்சு பாத்தாரு. எங்க கம்பெனில அஞ்சு வருசமா நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் பெரிப்பா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் குனிஞ்சு பாத்தது கெடையாது. எனக்கு இவரு போதும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கா பேச்சு வரவில்லை என்று கேட்பீர்கள். வரவில்லை. என் தம்பி கல்லுக்கு அந்தப் பக்கம் மரம் மாதிரி நின்றான். கை நனைக்கிறதென்றால் என்ன என்று அவனுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. கடைசி வார்த்தை மட்டும் விளங்கியிருக்கிறது. முகத்திலிருந்த கரியை இன்னும் துடைக்காமலே நின்றான்.

முதலில் உட்கார்ந்தது முத்தாயி. பெண்ணே நனைத்துவிட்டாள், இனிமேல் எனக்கென்ன என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு இறாலை எடுத்தாள். ஒரு மணி நேரமாகக் காத்திருந்த வாய், ரெண்டாவது இறாலுக்கு மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. சிங்காரவேல் அண்ணனைப் பார்க்காமல், தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கோழித் துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தைதான்: பிரமாதம்.

பெரியப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் தம்பி சாப்பிடுகிறார், தம்பி பெண்டாட்டி சாப்பிடுகிறாள், அவர் தூக்கி வளர்த்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாசலைப் பார்த்தார். வேல்விழியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை நான் கண்ணால் கண்டேன். அவ்வளவு ஆசை அந்தப் பெண் மேல். கடைசியில் துண்டை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே என் தம்பியிடம் திரும்பினார்.

"மாப்ள, இந்தத் தட்டு ஆறிப்போச்சு. எனக்குச் சூடா ஒண்ணு போட்டு வைங்க. கை கழுவிட்டு வந்து சாப்புடறேன்."

கை கழுவுகிற இடத்தைக் காட்ட நான் அவருக்கு முன்னால் நடந்தேன். நடக்கும்போதே அழுதேன். கடை நிறையக் கூட்டம், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.